லீ என்ஃபீல்டு ரைஃபிளின் மரம் அசல்தானா? கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ராணுவ ரைஃபிளை விற்பவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் 'எல்லாம் அசல்' என்பதுதான். இரும்பைப் பொறுத்தவரை அதைச் சரிபார்ப்பது அவ்வளவு கடினமில்லை. எண் இருக்கும், ஆண்டு இருக்கும், தொழிற்சாலையின் பெயர் இருக்கும். ஏமாற்று நடப்பது மரத்தில்தான். மரத்தை மாற்றலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், சாயம் ஏற்றலாம், வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட்டு இரும்புப் பட்டைக்கு அடியில் ஒளித்துவிடலாம். நல்ல இரும்பும் பொய்யான மரமும் சேர்ந்த ரைஃபிள்கள் ஏலங்களில் ஏராளமாகச் சுற்றுகின்றன.

எல்லா நாட்டு ரைஃபிளுக்கும் பொதுவாக எழுதினால் எதற்கும் உதவாது. எனவே ஒரே ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன்: எஸ்எம்எல்இ எனப்படும் குட்டை லீ என்ஃபீல்டு, நம்பர் 1 மார்க் 3. நம் ஊர்க் காவலர்களின் தோளில் பல்லாண்டு தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இங்கிலாந்தில் என்ஃபீல்டு, பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ, லண்டனின் எல்எஸ்ஏ, ஆஸ்திரேலியாவில் லித்கோ, கொல்கத்தாவுக்கு அருகே இசாப்பூர் என வெவ்வேறு இடங்களில் செய்யப்பட்டது. இடத்துக்கு இடம் மரமும் மாறியது. அதனால் மரம் பார்க்கப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இந்தியாவில் இது ராணுவக் குண்டு அளவு என்பதால் சாதாரண உரிமத்தில் வாங்கக்கூடியது அல்ல. இங்கே அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்தந்தச் சட்டப்படி சேகரிப்பவர்களுக்குத்தான் கழற்றிப் பார்க்கும் படிகள் நேரடியாகப் பயன்படும்.

முதலில் கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

'அசல்' என்பதற்குக் குறைந்தது மூன்று நிலைகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் இருந்த அதே மரம், முதல் நிலை. படையில் இருந்த காலத்தில் ஆயுதப் பழுதுபார்ப்பவரோ ராணுவப் பட்டறையோ மாற்றிப் பொருத்திய மரம், இரண்டாம் நிலை. பின்னாளில் ஒரு சேகரிப்பாளர் வேறொரு பழைய ரைஃபிளிலிருந்து எடுத்துப் பொருத்திய, காலத்துக்குப் பொருந்தும் மரம், மூன்றாம் நிலை. இவற்றுக்கு வெளியே நிற்பது இன்றைய பட்டறைகளில் புதிதாகக் கடைந்தெடுத்த நகல் மரம்.

இரண்டு உலகப் போர்களைப் பார்த்த ஒரு ரைஃபிளில் முதல் நிலை மரம் அபூர்வம். இரண்டாம் நிலையைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பட்டறையில் ஒட்டுப்போட்ட முன்கட்டை, அதாவது குழலுக்கு அடியில் நீளும் மரம், அந்த ரைஃபிளின் பணி வரலாற்றின் பகுதி. தவிர்க்க வேண்டியது, மூன்றாம் நிலையையும் நகலையும் முதல் நிலை என்று சொல்லி விலை கேட்பதைத்தான்.

படி 1: மரத்தைத் தொடும் முன் இரும்பைப் படியுங்கள்

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதுவும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னிழுத்து, குழலின் பின்வாயைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். விற்பவர் சோதித்துவிட்டதாகச் சொன்னாலும் சோதியுங்கள்.

அடுத்து, பிடங்கு (தோளில் ஊன்றும் பின்மரம்) வந்து செருகும் இரும்புச் சாக்கெட்டின் வலப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடம், அரச முத்திரை, தொழிற்சாலை, ஆண்டு, மாதிரியின் பெயர் எல்லாம் அங்கே இருக்கும். மாதிரியின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதா என்பது முக்கியம். 1907-ல் ஏற்கப்பட்ட மார்க் 3-ல் நெடுந்தொலைவுக் கூட்டுச் சூட்டுக்கான தனிக் குறிகாட்டி முன்கட்டையின் இடப்பக்கத்தில் பதிக்கப்பட்டிருந்தது. போர்க்கால அவசரத்தில் 1916 தொடக்கத்தில் எளிமைப்படுத்திய மார்க் 3 நட்சத்திரம் வந்தபோது அந்தக் குறிகாட்டி போய்விட்டது.

இதிலிருந்து நேராக மரத்துக்கு வரலாம். இரும்பில் 1912 என்று இருந்து, முன்கட்டையின் இடப்பக்கத்தில் குறிகாட்டித் தகட்டுக்கான குடைவே இல்லை என்றால், அந்த முன்கட்டை அந்த இரும்போடு பிறந்தது அல்ல. அதற்காக அது போலி என்றும் ஆகாது. பழைய முன்கட்டை பழுதானபோது ராணுவமே புது வகையைப் பொருத்தியது சாதாரணம். நட்சத்திரம் உள்ள இரும்பில் குடைவு இருந்தால், மிச்சமிருந்த பழைய மரத்தைத் தொழிற்சாலையே பயன்படுத்தியிருக்கலாம், அல்லது பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம். எது என்பதை உள்பக்கம்தான் சொல்லும்.

ரைஃபிள் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டதைக் குறிக்கும் எஃப்டிஆர் என்ற எழுத்துகளும் ஓர் ஆண்டும் இரும்பில் இருக்கின்றனவா என்றும் தேடுங்கள். இருந்தால் மரத்தின் வயதை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுங்கள். 1918-ல் செய்து 1950-களில் புதுப்பித்த ரைஃபிளில் புதுசு போன்ற மரம் இருப்பதில் வியப்பில்லை. 1918-ன் மரம் என்று விற்றால்தான் பிழை.

படி 2: என்ன மரம்?

பிரிட்டனில் செய்த எஸ்எம்எல்இ-களில் பெரும்பாலும் வால்நட். அடர் பழுப்பு, நெருக்கமான ரேகை, எண்ணெய் குடித்துக் குடித்துச் சில இடங்களில் கறுப்பே ஏறியிருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் வந்த மரங்களில் பீச் அதிகம் தென்படும். வெளிறிய நிறமும், மரம் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரியும் புள்ளிகளும் பீச்சின் அடையாளம். முதல் உலகப் போர் ரைஃபிளில் பீச் பிடங்கு இருந்தால், அது பிந்தைய மாற்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

லித்கோ தனிக்கதை. 1913-ல் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலை பின்னர் உள்நாட்டு மரங்களுக்கு மாறியது. குவீன்ஸ்லாந்து மேப்பிளும், இளஞ்சிவப்பு சாயலுள்ள கோச்வுட்டும் அங்கே வழக்கமானவை. இவை வால்நட்டைவிட மென்மையானவை. சுடும்போது ரிசீவர் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) பின்னோக்கி உதைத்து முன்கட்டையின் உள்முகப்பை நசுக்கிவிடும் என்பதால், உதை தாங்கும் இரண்டு இடங்களிலும் செம்புத் தகடுகளைத் திருகாணி போட்டுப் பதித்தார்கள். கழற்றும்போது செம்பு மின்னினால், அது லித்கோ முன்கட்டை என்பதற்கு வலுவான சாட்சி. இரண்டாம் உலகப் போரில் டென்னிஸ் மட்டைகளுக்குப் பெயர்போன ஸ்லாசெஞ்சர் நிறுவனமும் அங்கே துப்பாக்கி மரம் செய்தது. அதன் பெயர்ச் சுருக்கமும் ஆண்டின் இரண்டு இலக்கங்களும் மரத்தில் குத்தப்பட்டிருப்பதைக் காணலாம். 1916 லித்கோ ரைஃபிளில் 1942-ன் ஸ்லாசெஞ்சர் முத்திரை இருந்தால், மேற்கொண்டு வாதமே தேவையில்லை.

இசாப்பூர் ரைஃபிள்கள் பலமுறை பட்டறைக்குப் போய்வந்தவை. ஒரே துப்பாக்கியில் வேறு வேறு நிற மரங்களைப் பார்க்கலாம். முன்கட்டையின் குறுக்கே, மேகசினுக்கு முன்னால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் வலுவூட்டும் திருகாணி இருந்தால் அது இந்தியப் பட்டறை வேலை. சேகரிப்பாளர்கள் அதை இசாப்பூர் திருகாணி என்றே சொல்கிறார்கள். பிரிட்டனில் செய்து இந்தியாவுக்கு வந்த துப்பாக்கிகளிலும் அது உண்டு. அந்தத் துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து 'ஆங்கிலேய அசல்' ஆக்கும் வேலையும் நடக்கிறது. குறுக்கே எதிரெதிராக இரண்டு வட்ட அடைப்புகள் தெரிந்தால் காரணம் இதுவே.

நிறப் பொருத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். பிடங்கு ஒரு நிறம், குழலின் மேல் படுக்கும் கைக்காப்பு இன்னொரு நிறம் என்று தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்கின்றன. போர்க்காலத்தில் ரேகை பார்த்து ஜோடி சேர்க்க யாருக்கும் நேரமில்லை. கைக்காப்பு மெல்லிய மரம். எளிதில் பிளக்கும், அடிக்கடி மாற்றப்பட்டது. மூன்று துண்டுகளும் ஒரே நிறத்தில், ஒரே பளபளப்பில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

படி 3: உப்புத்தாளின் தடயம்

இந்தப் படிக்கு ஒரு விரல் நகம் போதும். பிடங்கின் கழுத்து இரும்புச் சாக்கெட்டோடு சேரும் விளிம்பில், மரத்திலிருந்து இரும்பை நோக்கி நகத்தை மெல்ல நகர்த்துங்கள். தொழிற்சாலை மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்தே நிற்கும். நகம் மரத்திலிருந்து இறங்கும். தேய்த்த மரத்தில் நகம் இரும்பில் போய் முட்டும். பிடங்கின் அடியிலுள்ள தகட்டைச் சுற்றியும் இதையே செய்யுங்கள். தகட்டின் விளிம்பு மரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த இடைவெளி உப்புத்தாளில் போன மரம். ஈரம் காய்ந்து மரம் சுருங்குவதும் சிறிது இடைவெளி தரும். ஆனால் அது ரேகையின் குறுக்கே மட்டும் தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருக்காது.

அடுத்து முத்திரைகள். பிரிட்டிஷ் ஆய்வாளரின் முத்திரையில் கிரீடம், அதன் கீழ் ஓர் எண், அதன் கீழ் தொழிற்சாலையைக் குறிக்கும் எழுத்து இருக்கும், என்ஃபீல்டுக்கு 'இ'. பழைய முத்திரையின் பள்ளத்தில் எண்ணெயும் அழுக்கும் படிந்து அடி கறுத்திருக்கும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். மேல்பரப்பைத் தேய்த்திருந்தால் கிரீடத்தின் உச்சி மறைந்து, எண்ணின் பாதி மட்டும் மிஞ்சும். புதிதாகக் குத்திய முத்திரையை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தால் பள்ளத்தின் அடி வெளிறியும், ஓரத்தில் நார் அறுந்து சிராய் சிராயாகவும் இருக்கும். அதன் மேல் சாயம் தடவியிருந்தாலும் சிராய் மறையாது.

பூச்சையும் கவனியுங்கள். இந்த மரங்களைப் பச்சை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தார்கள். அது மங்கலான, உள்ளிருந்து வரும் மினுமினுப்பைத் தரும். கண்ணாடி போலப் பளபளக்கும் வார்னிஷ் இதற்குச் சொந்தமல்ல. ரஷ்ய மோசின் நாகன் ரைஃபிள்களில் ஷெல்லாக் பூசியது உண்டு. அதைப் பார்த்துப் பழகியவர்கள் இதிலும் எதிர்பார்ப்பதால் வரும் குழப்பம் இது. புற ஊதா டார்ச் ஒன்று கையில் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். நவீனப் பூச்சுகளும் பசைகளும் பல நேரம் வேறு நிறத்தில் ஒளிர்ந்து ஒட்டுப்போட்ட கோட்டைக் காட்டிக்கொடுக்கும்.

தேய்மானத்துக்கும் ஒரு முறை உண்டு. சிப்பாய் பிடித்த இடங்கள் தேயும்: மேகசினுக்கு முன்னால் துப்பாக்கி சமநிலையில் நிற்கும் இடம், பிடங்கின் கழுத்து. தரையில் ஊன்றிய இடம் சிதையும்: பிடங்கின் கீழ்முனை. உடல் முழுக்கச் சமமாகத் தூவியது போல் வடுக்கள் இருந்தால், அவை யாரோ சங்கிலியை எடுத்து அடித்தவை.

படி 4: பிடங்கைத் தனியாகப் பாருங்கள்

வீரர்களின் உயரத்துக்கு ஏற்பப் பல நீளங்களில் பிடங்கு வந்தது. சாதாரண அளவைவிட அரை அங்குலம் கூடியது நீளம். அரை அங்குலம் குறைந்தது குட்டை. ஓர் அங்குலம் குறைந்தது பேன்டம். சாதாரண அளவு அல்லாத பிடங்கின் மேல்முதுகில், அடித்தகட்டின் நாக்குக்குச் சற்று முன்னால் எல், எஸ், பி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்கும். எழுத்து 'எஸ்' என்று இருந்து, அளந்தால் சாதாரண நீளம் வந்தால் ஏதோ சரியில்லை.

வலப்பக்கத்தில் படைப்பிரிவின் விவரம் பொறிக்கும் பித்தளை வில்லை ஆரம்பகாலப் பிடங்குகளில் உண்டு. போர்க்காலச் சிக்கனத்தில் அது கைவிடப்பட்டது. போருக்கு முந்தைய ரைஃபிளில் வில்லைக்கான வட்டக் குழி இல்லை என்றால் பிடங்கு பிந்தையது. குழி இருந்து வில்லை மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் வில்லைதான் புதியது. அதில் பொறித்த படைப்பிரிவின் பெயரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலியப் பிடங்குகளில் ராணுவ மாவட்ட எண் இருக்கும்: 2 என்றால் நியூ சவுத் வேல்ஸ், 3 என்றால் விக்டோரியா. அது லித்கோ இரும்போடு சேர்ந்திருப்பது நல்ல சகுனம்.

அடித்தகட்டின் இரண்டு திருகாணிகளைக் கழற்றுங்கள். பித்தளைத் தகடு பல்லாண்டு மரத்தோடு ஒட்டிக் கிடந்தால், அதன் பச்சைக் களிம்பு மரத்தின் வெட்டுமுகத்தில் தகட்டின் வடிவத்திலேயே படிந்திருக்கும். திருகாணித் துளைகளைச் சுற்றி அது இன்னும் அடர்த்தி. எண்ணெய் புட்டி வைக்கும் துளையின் உள்சுவர் கறுத்து, பழைய எண்ணெய் வாசம் வீசும். வெளியே கறுத்த பிடங்கு, உள்ளே வெளுத்த மரம் என்றால் சாயம் வெளியே மட்டும்தான் போயிருக்கிறது.

படி 5: கழற்றும் வரிசை

இங்கே நிறையப் பேர் அசல் மரத்தைத் தங்கள் கையாலேயே பிளந்துவிடுகிறார்கள். எஸ்எம்எல்இ-யின் பிடங்கை இறுக்கும் நீண்ட போல்ட்டின் முன்முனை சதுரமானது. அது சாக்கெட்டைத் தாண்டி, முன்கட்டையின் பின்முனையில் பதித்த ஒரு சிறு தகட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்த போல்ட்டைத் திருகினால் சதுர முனை உள்ளே சுழன்று, முன்கட்டையின் பின்பகுதி பிளந்துபோகும். முன்கட்டை முதலில், பிடங்கு பிறகு. விதிவிலக்கு வேண்டாம்.

முன்கட்டையை எடுக்க, முன்னாலிருந்து பின்னால் வாருங்கள்: நோஸ் கேப் (முன்முனையை மூடும் இரும்பு மூடி), நடுப்பட்டை, அதற்குப் பின்னால் கீழிருந்து போகும் உள்பட்டைத் திருகாணி, பின் சைட்டின் காப்புத் திருகாணி, கடைசியாக விசைக்காப்பு. உள்பட்டைத் திருகாணியோடு ஒரு சுருள்வில் வரும். குழலை மேல்நோக்கித் தாங்கும் சிறு குமிழும் வில்லும் தெறித்து ஓடலாம், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். திருப்புளியின் வாய் திருகாணியின் காடிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். முன்கட்டையை ஒரு முனையில் பிடித்து நெம்பாமல் நேராகக் கீழே இறக்குங்கள். தனக்கென்றே பொருத்தப்பட்ட முன்கட்டை ரிசீவரை இறுகப் பிடித்திருக்கும். தானாகக் கழன்று கையில் விழுந்தால், வேறு துப்பாக்கிக்குப் பொருத்திய மரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 6: உள்பக்கம்

உண்மை இருக்கும் இடம் இது. நோஸ் கேப்புக்குப் பின்னால், முன்கட்டையின் கீழ்ப்புறத்தில் வரிசை எண்ணைத் தேடுங்கள். ரிசீவர், போல்ட், நோஸ் கேப் ஆகியவற்றின் எண்ணோடு அது ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புது எண் குத்தியிருந்தால் ராணுவப் பட்டறையின் மாற்று. எண் இருந்த இடம் பள்ளமாகத் தேய்ந்து, மேலே ஓர் எண் பளிச்சென்று நின்றால் எச்சரிக்கை. பிடங்கில் பொதுவாக வரிசை எண் கிடையாது. அதைத் தேடிக் கவலைப்பட வேண்டாம்.

குழல் படுக்கும் வாய்க்காலில் பல்லாண்டு கிரீஸும் துருவும் சேர்ந்து அடர் கறையாக இருக்கும். உள்பட்டை அழுத்திய தடம், குமிழின் துளை, விசைக்காப்பின் நிழல் எல்லாம் அதனதன் இடத்தில் தெரிய வேண்டும். நகல் மரத்தில் வாய்க்கால் ஒரே நிறமாக, இயந்திரக் கத்தியின் சீரான அலைக்கோடுகளோடு இருக்கும். உதை தாங்கும் முகப்புகளையும் விட்டுவிடாதீர்கள்: பழைய மரத்தில் அவை நசுங்கி மெருகேறியிருக்கும், அல்லது பட்டறையில் புதுத் துண்டு வைத்து ஒட்டியிருக்கும்.

நடுப்பட்டை மூடியிருந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். போருக்குப் பிறகு இந்த ரைஃபிள்கள் ஆயிரக்கணக்கில் வேட்டைத் துப்பாக்கிகளாக முன்மரம் வெட்டப்பட்டன. பிறகு விலை ஏறியதும் முன்பகுதியை ஒட்டி நீட்டினார்கள். அந்த ஒட்டு பட்டைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். இரு பக்கமும் ரேகை தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிறம் எளிதில் ஏமாற்றும்.

படி 7: நேர்மையான பழுது எது?

ராணுவ ஒட்டு வேலை கச்சிதமானது. சேதமான பகுதியைச் சதுரமாகவோ புறாவால் வடிவிலோ வெட்டியெடுத்து, ரேகையின் திசை மாறாமல் புதுத் துண்டைச் செருகி, தேவைப்பட்டால் மர ஆணி அல்லது பித்தளை ஊசி அடித்திருப்பார்கள். ஒட்டு வெளிப்படையாகத் தெரியும். அதை மறைக்க அவர்களுக்கு அவசியமில்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பிய இடங்களும், மீறித் தெரியும் மஞ்சள் பிசினும் பிற்கால வேலை.

கையெறி குண்டு ஏவப் பயன்பட்ட இந்திய ரைஃபிள்களில் முன்கட்டையைச் சுற்றிக் கம்பி இறுக்கியிருக்கும். கம்பியை அவிழ்த்து விற்றால், மரத்தைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம் தெரியும். கம்பியோடு இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அவிழ்த்தால் அதன் வரலாறும் போகும், மதிப்பும் போகும்.

படி 8: தொலைவிலிருந்து வாங்கும்போது

கழற்றிப் பார்க்க வழியில்லாதபோது படங்களைக் கேளுங்கள். சாக்கெட்டின் வலப்பக்கம், முன்கட்டையின் இடப்பக்கம், பிடங்கின் மேல்முதுகு, அடித்தகட்டின் விளிம்பு நான்கு பக்கமும், கழுத்து சேரும் இடம் பக்கவாட்டில் ஒளி படும்படி. இவற்றோடு நோஸ் கேப்பைக் கழற்றிய நிலையில் கீழ்ப்புறம் ஒரு படம், அடித்தகட்டைக் கழற்றிய நிலையில் வெட்டுமுகம் ஒரு படம். இந்த இரண்டுக்கும் சில திருகாணிகளைத் தளர்த்தினால் போதும், முன்கட்டையை இறக்க வேண்டியதில்லை. மரத்துக்கென்று கூடுதல் விலை சொல்லிவிட்டு இந்த இரண்டு படங்களைத் தர மறுப்பவரிடம், மாற்று மரத்துக்கு உரிய விலையை மட்டும் சொல்லுங்கள்.